கையெழுத்தில்லாத வெட்டு

பாறசாலை மகாதேவர் சாட்சியாக, நெய்யாற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, கிழக்குப் பார்த்து நின்று சொல்கிறேன்: இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. எங்கேயாவது பிசகியிருந்தால் என் நாக்கு உப்பிலிட்ட மாங்காய்போலச் சுருங்கட்டும். சத்தியம் முடிந்தது. கையில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டேன். சங்கதிக்கு வரலாம்.

அந்த வருஷம் ஆடி கடைசி வெள்ளிக்கிழமையோடு கைலாசநாதனுக்கு எழுபது வயது முடிகிறது. அதே நாளில்தான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தொப்பி மாடனுக்குக் கொடைவிழா. அன்றைக்கு உச்சிப்பொழுது சாய்வதற்குள், மாடன் கோவில் சாவியை உடன்பிறந்தாள் மகன் கையில் அவர் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் செத்துப்போவார். இது ஜோசியம் இல்லை, குடும்ப வழக்கம்.

அவருடைய மாமா, எழுபது தாண்டியும் ஒன்பது நாள் சாவியை மடியில் வைத்திருந்தார். முழங்காலளவு தண்ணீரில் முங்கிச் செத்தார். அந்த மாமாவின் மாமா நெய்யாற்றின்கரையில் சவரக்கடை நாற்காலியில், ஒரு கன்னம் மட்டும் முடிந்திருந்த நிலையில், குளிர்ந்துபோனார். மறு கன்னத்தைச் சிரைப்பதா, அப்படியே எடுத்துப்போவதா என்று கடைவாசலில் ஒரு மணி நேரம் வாதம் நடந்ததாம். அவருக்கும் முந்தின மாமா, மாடனுக்கு வைத்த சுருட்டைத் தானே எடுத்துப் பிடித்தார். புகை உள்ளே போனது. வெளியே வரவில்லை.

இந்த வீடு நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவில் குடியேறிய கணக்கப்பிள்ளை வீடு, மருமக்கள்வழி. அப்பன் சொத்து மகனுக்குப் போகாது, மாமன் வைத்திருப்பது சகோதரி மகனுக்குப் போகும். திருவிதாங்கூர் ராஜாவுக்கே அதுதான் முறை. கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரர்களுக்கு இது லேசில் விளங்கவில்லை. ராஜாவிடம் மிளகுக்கு உடன்படிக்கை எழுதி வாங்குவார்கள். ராஜா மண்டையைப் போட்டதும் அடுத்த ராஜா என்று மகனைத் தேடி ஓடுவார்கள். மகன் எங்காவது உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பான். பிறகு சர்க்கார் சட்டம் போட்டு மருமக்கள்வழியை எடுத்தது. ஊரெல்லாம் மாறிற்று. மாடனுக்கு மட்டும் யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை.

அதனால் பஹ்ரைனில் இருக்கும் கைலாசநாதனின் மகன் ராஜீவ் எதற்கும் ஆகமாட்டான். சிறுவயதில் ஒரு தடவை சாவியைத் தொட்டு உள்ளங்கை பொள்ளிப்போனவன் அவன். அக்கா பகவதியம்மாளுக்கு ஒரே பிள்ளை. அதுவும் பெண்பிள்ளை, மஞ்சு. தீயணைப்புப் படையில் பெண்களை எடுக்கத் தொடங்கியபோது முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தவள். கிராப்பு வெட்டிய தலை. மாடனுக்கோ பெண்வாடை ஆகாது. கோவிலுக்குப் பத்தடி தூரத்தில் ஒரு கல் நட்டிருக்கிறது. அந்தக் கல்லைத் தாண்டி இந்த வீட்டுப் பெண் ஒருத்தியும் இருநூற்றுச் சொச்சம் வருஷமாகப் போனதில்லை.

மாடனின் கதையை மாமன்மார் சொல்லித்தான் கைலாசநாதன் கேட்டிருக்கிறார். வடக்கே ஒரு சிறிய நாட்டில் ஒரு ராணியைச் சிம்மாசனத்தில் வைத்துத் தருகிறோம் என்று ஒல்லாந்துக்காரர், அதாவது டச்சுக்காரர், புறப்பட்டதும், அந்த வழக்கு முற்றி மகாராஜாவோடு குளச்சலில் சண்டையாகி, தொப்பிக்காரர் பலர் பிடிபட்டதும் எல்லாரும் அறிந்தது. பிடிபட்டவர்களில் மீசை முளைக்காத ஒருவனை இந்த வீட்டுக் கணக்கப்பிள்ளையின் காவலில் விட்டார்களாம். நிரைநிரையாக நின்று, ஒரே சொல்லுக்கு எல்லாரும் ஒன்றாகத் துப்பாக்கி வெடிவைக்கும் வித்தையை அவன்தான் மகாராஜாவின் படைக்குப் பழக்கினான். பத்து வருஷம் பழக்கினான். காய்ச்சலில் செத்தான். செத்தும் போகாமல் தொப்பி மாடனாக நின்றான். சுருட்டும் சாராயமும் சேவலும் அவனுக்குப் படையல். சாராயத்தைச் சர்க்கார் நிறுத்தியபிறகு மாடன் முணுமுணுக்காமல் ரம்முக்கு மாறிக்கொண்டார்.

கைலாசநாதன் நெய்யாற்றின்கரையில் நாற்பது வருஷம் ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதியவர். பத்திரத்தில் ஒரு சொல்லை வெட்டினால், வெட்டியவன் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாத வெட்டு செல்லாது. வெட்டப்பட்ட சொல் செத்ததாக அர்த்தமில்லை. இதை அவர் சோற்றுக்கு முன்னும் பின்னும் சொல்லி வளர்த்த வீடு அது. மஞ்சு ஐந்து வயதில் சிலேட்டில் தப்பாக எழுதி அழித்தாலும், ஓரத்தில் ஒரு சுழி போடுவாள்.

மூன்று வருஷமாகக் கொடை சரியில்லை. வைத்த சுருட்டு வைத்தபடி இருந்தது. ரம் குப்பி திறந்தபடி ஒரு சொட்டுக் குறையாமல் இருந்தது. சேவலை அறுக்குமுன் அதுவே கழுத்தைத் தொங்கப்போட்டு விழுந்தது. இந்த வருஷம் ஆடி பிறந்த நாளிலிருந்து உச்சிவேளையில் பூட்ஸ் சத்தம். சரியாகப் பன்னிரண்டுக்கு, வீட்டைச் சுற்றி, மணலில். இடது கால் கனமாக, வலது கால் லேசாக. எட்டிப் பார்த்தால் ஆள் இல்லை. குதியங்கால் பதிந்த தடம் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டு போகும். நாய் குரைக்காது. எழுந்து நின்று வழிவிடும்.

பிறகு சாமான்கள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் பகவதியம்மாளின் சீப்பு. மறுநாள் குங்குமச் செப்பு. அதற்கும் மறுநாள், மஞ்சு நெய்யாற்றின்கரைச் சந்தையில் வாங்கி ஒரு தடவைகூடப் போடாத கண்ணாடி வளையல்கள். கைலாசநாதன் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கக் கோவிலைத் திறந்தார். மூன்றும் உள்ளே மாடனாக நிற்கும் கல்லின் காலடியில் வரிசையாக இருந்தன. சாவியோ அவர் மடியைவிட்டு இறங்கியதே இல்லை.

அவர் ஓடிப்போய் கிருஷ்ணன்குட்டியிடம் சொன்னார். வாழைக்குலை மொத்த வியாபாரி, பால்ய சிநேகிதன், மாடனின் ரம்முக்கு வருஷாவருஷம் வரிசையில் நிற்கிறவர்.

"எலியாயிருக்கும் அண்ணா," என்றார் கிருஷ்ணன்குட்டி.

"எலி சீப்பத் தூக்கும். வளையலத் தூக்கி வரிசையா வைக்குமா ஓய்?"

கிருஷ்ணன்குட்டி குலை எண்ணுவதை நிறுத்தினார். "அண்ணா, ஞான் ஒரு காரியம் பறயட்டே? கோபிக்கருது. சீப்பு, குங்குமம், வளை. இது கல்யாணச் சாமானல்லே? மாடனு பெண்ணு வேணம். வீட்டில கல்யாணம் ஆகாத்த பெண்ணு ஒண்ணேயுள்ளூ."

கைலாசநாதனும் அதைத்தான் நினைத்திருந்தார். வாயால் கேட்டதும் அது உண்மைபோலவே ஆகிவிட்டது.

இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. சாவியைக் கொடுக்க ஆணில்லை. கொடுக்காவிட்டால் சாவு. மஞ்சுவைக் கல்லைத் தாண்டி அனுப்பினால் மாடன் அவளை வைத்துக்கொள்வார். மூன்றாம் நாள் காலையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. சாவுபயம் பிடித்த மனுஷனுக்கு வருகிற யோசனைக்கு எப்போதும் ஒரு வாலும் இருக்கும். அவர் வாலைப் பார்க்கவில்லை. அக்காவின் அடுக்களைக்குப் போனார்.

"அக்கா, மஞ்சுவ ஆணா வேசம் கெட்டி உள்ள விட்டா என்ன? சாவி கை மாறிரும். மாடனுக்கு ஆணுன்னு தோணிரும்."

பகவதியம்மாள் மரச்சீனிக் கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"எலே கைலாசா, தோணலேன்னா?"

அவர் கிழங்குக் கூடையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஒனக்கு எழுவது ஆச்சு. அவளுக்கு இருவத்தெட்டு. ஒன் உசிருக்கு எம்பிள்ள உசிரு ஈடாக்கும், இல்லியா? ஆதாரம் எழுதுகவன் இல்லியா, நல்லாத்தான் எழுதுக."

"அக்கா, அப்பிடி இல்ல…"

"பின்னெ எப்பிடி?"

அப்படித்தான். அது அவருக்கும் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆனாலும் போகவில்லை.

வாசல்படியில் யூனிபார்ம் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த மஞ்சு எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "அம்மா, நீ சும்மா இரி. மாமா, நான் வாறேன். எரிஞ்ச வீட்டுக்குள்ள போறதுதான் எனக்கு வேல. ஒங்க மாடன் கெடக்கது எட்டடிக்கு எட்டடி அறையாக்கும்."

"மக்கா, பயம் இல்லியா ஒனக்கு?"

"உண்டு. அதுக்கு என்ன செய்ய? ஒங்களுக்கும் உண்டுல்லா."

ஆடி கடைசி வெள்ளி. மழை வரும்போல இருட்டிக்கொண்டு நின்றது, ஒரு துளி விழவில்லை. மாமாவின் வேட்டி, மாமாவின் அரைக்கைச் சட்டை, தோளில் துவர்த்துத் துண்டு. பகவதியம்மாளே அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து மகளுக்கு மீசை வரைந்தாள். வரையும்போது கோடு பிசகி, ஒரு பக்க மீசை காதுவரை போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை. கிருஷ்ணன்குட்டி ரம்மும் சேவலுமாக வந்து, மஞ்சுவைப் பார்த்து, "மோனே, நீ எவிடத்துகாரனா?" என்று கேட்டார். விளையாட்டுக்கில்லை, அவருக்கு நிஜமாகவே ஆள் தெரியவில்லை.

பன்னிரண்டுக்குப் பூட்ஸ் சத்தம் தொடங்கிற்று. இடது, வலது. இடது, வலது. கைலாசநாதன் கல்லருகில் நின்று சாவியை நீட்டினார்.

"மாடா, இது எனக்க மருமகன். பேரு மஞ்சுநாதன்."

பூட்ஸ் சத்தம் நின்றது. நாலு பேரைச் சுற்றி அது மெதுவாக ஒரு வட்டம் வந்தது. மஞ்சுவின் முன்னால் நின்றது. அவள் சட்டைக் காலர் தானாக நிமிர்ந்தது, யாரோ சரிசெய்துவிட்டதுபோல. அவள் நிமிர்ந்து, குதியங்கால் இரண்டையும் சேர்த்து, பரேடில் நிற்பதுபோல நின்றாள். பிறகு கல்லைத் தாண்டிப் போனாள். சாவி திரும்பிற்று. அவள் உள்ளே போனதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே அடித்துக்கொண்டிருந்த காற்றும் அதோடு நின்றது.

முதலில் சத்தமே இல்லை. பிறகு உள்ளே நடை கேட்டது. எட்டடி அறைக்குள் நூறடி போகிற நடை. முதலில் ஒரு ஜோடிக் கால். கொஞ்சம் கழித்து இரண்டு ஜோடி. இரண்டும் பிசகாமல் ஒரே தாளத்தில்.

"அக்கா, எனக்கு…" என்றார் கைலாசநாதன். பகவதியம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

கதவு திறந்தது. மஞ்சு வெளியே வந்தாள். கையில் மண் ஒட்டிய ஒரு மரப்பெட்டி. மீசை இல்லை. கரியின் சுவடுகூட இல்லாமல் துடைத்திருந்தது. நெற்றியில் குங்குமம். கையில் கண்ணாடி வளையல்.

"மீசய எப்பம் அழிச்ச மக்கா?" என்று பகவதியம்மாள் கேட்டாள்.

"நான் அழிக்கல அம்மா. ஈரத் துணி ஒண்ணு வந்து தொடச்சுது. ஆரோ சிரிச்சா." மஞ்சு மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆம்பள சிரிப்பு இல்ல. மீசையில்லாம பத்து வருசம் ஆம்பளயா நின்னவ முன்னால கரிமீசயோட போய் நின்னா சிரிக்காம என்ன செய்வா? மாமா, உள்ள இருக்கது பெண்ணாக்கும்."

கிருஷ்ணன்குட்டி சேவலையும் ரம்மையும் மெதுவாகத் தரையில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். உதியன்குளங்கரை தாண்டும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பெட்டிக்குள் ஒரு எழுத்தாணியும் ஒற்றை ஓலையும் இருந்தன. மலையாளம் மீடியத்தில் படித்தவள் மஞ்சு. பழந்தமிழ் எழுத்து அவளுக்கு ஓடாது. அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் கைலாசநாதன் ஒருவர்தான். அவர் கல்லுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஓலையை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"கொல்லம் ஆண்டு தொள்ளாயிரத்து இருபத்தைந்து. குளச்சலில் அகப்பட்ட தொப்பிக்காரன். மகாராஜா படைக்கு நிரையாய் நின்று வெடிவைக்கப் படிப்பித்தவன். சுரத்தால் மரணம். ஆண்."

அவர் ஓலையை இறக்கினார். "ஆணுன்னுதான் எழுதியிருக்கு."

பின்னால் மணலில் ஒரு பூட்ஸ் தடம் விழுந்தது.

"அதுக்குக் கீழ ஒரு வரி உண்டே மாமா. கோடு கிழிச்ச வரி."

"அது வெட்டினதாக்கும். செல்லாது."

இன்னொரு தடம், கைக்கெட்டும் தூரத்தில். அவர் கழுத்தில் ஒரு குளிர்ந்த மூச்சு பட்டது. மூச்சில் கடல் வாடை.

மஞ்சு குனிந்து ஓலையைப் பார்த்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் ஓரம் எது என்று அவளுக்குத் தெரியும். "வெட்டினா ஓரத்தில வெட்டினவன் கையெழுத்து வேணும். இதில எங்க இருக்கு?"

கைலாசநாதன் ஓரத்தைப் பார்த்தார். வெறுமை. அந்தக் கணக்கப்பிள்ளை எழுத்தாணியை அழுத்தி, ஓலையே கிழியும்படி கோடு போட்டிருந்தான். கையெழுத்துப் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதும் இவருக்குப் புரிந்தது. மகாராஜாவின் படைக்கு நடை பழக்கியது ஒரு பெண் என்று எழுதிவைத்தால் ஓலை ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமும் கிடக்கும். அதை வெட்டியவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டால், அப்படி ஒரு வரி இருந்தது என்றும் ஒப்புக்கொண்டதாகும். கணக்கன் புத்தி.

நாற்பது வருஷம் ஊராரின் வெட்டுகளுக்குக் கையெழுத்துக் கேட்ட மனுஷன் இப்போது என்ன செய்வார்? வரியைப் படித்தால் சாவி இனி ஒருநாளும் மாமன்மாரிடம் வராது. படிக்காவிட்டால், பின்னால் நிற்பது அதற்குமேல் காத்திருக்காது. வெட்டியதைச் செல்லும் என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. பயத்தால் மட்டுமில்லை. கையெழுத்தில்லாத வெட்டைச் செல்லும் என்று அவர் வாய் ஒருநாளும் சொன்னதில்லை.

படித்தார். "மேனி குளிப்பித்தது நான். பெண். இவள் காவல் என் மகளுக்கும், அவள் மகளுக்கும். கணக்கப்பிள்ளை உடன்பிறந்தாள் நீலம்மை."

பகவதியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "எலே, அப்பம் இத்தன காலமும்?"

"இத்தன காலமும் நாங்க சும்மா வச்சிருந்தோம் அக்கா."

மருமக்கள்வழி என்று பெருமை சொன்ன வீடு. வழி பெண்தான். அந்த வழியில் சாவியோடு நடந்துபோனது மட்டும் எல்லாரும் ஆண். மாமன்மார் எழுபதில் ஏன் செத்தார்கள் என்று கைலாசநாதனுக்கு விளங்கிற்று. செத்தது தாமதத்துக்காக இல்லை. அவ்வளவு நாள் அவள் பொறுத்திருந்தாள், அவ்வளவுதான்.

அவர் எழுத்தாணியை எடுத்தார். 'வெட்டு செல்லாது' என்று கீறினார். கீழே கையெழுத்துப் போட்டார். பிறகும் எழுத்தாணியைக் கீழே வைக்கவில்லை.

"சாட்சி ரெண்டு வேணும்."

"மாமா!"

"ரெண்டு வேணும் மக்கா. இல்லேன்னா நாளைக்கு ஒருத்தன் வந்து கேப்பான். அக்கா, இங்க ஒண்ணு போடு."

பகவதியம்மாள் போட்டாள். மஞ்சு கையை நீட்டினாள். அவர் எழுத்தாணியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "நீ ஆதாயம் வாங்குகவ. ஒனக்க கையெழுத்து ஆகாது." சாவு பின்கழுத்தில் மூச்சுவிடும்போதும் பத்திரப் பிரமாணம் பிரமாணம்தானே? கிருஷ்ணன்குட்டியை எட்டிப் பார்த்தார். சேவல் மட்டும் நின்றது.

மூன்றாவது தடம் அவரை ஒட்டி விழுந்தது. எழுத்தாணி அவர் விரலிலிருந்து நழுவவில்லை, எடுக்கப்பட்டது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஓலையில் கீறும் சத்தம் கேட்டது. நிதானமாக, வெகுகாலம் எழுதாத கை எழுதுவதுபோல. கண்ணைத் திறந்தபோது ஓரத்தில் இரண்டாம் சாட்சிக்கு நேரே, வலப்பக்கம் சாய்ந்த ஏதோ நாட்டு எழுத்தில், நீளமாக ஒரு பெயர் இருந்தது. கீழே சுழித்து ஒரு கோடு. முறையான கையெழுத்து.

அன்றைக்குக் கைலாசநாதன் சாகவில்லை. அடுத்த ஆடியும் கண்டார். இப்போது கல்லைத் தாண்டிப் போகக்கூடாதவர் அவர்தான். அதை மஞ்சு அவரிடம் மரியாதையாகத்தான் சொன்னாள். சுருட்டு நின்றுபோயிற்று. ரம் மட்டும் தொடர்கிறது, கேட்டு வாங்குகிறாளாம். டூட்டி இல்லாத நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர்ப்பெண்கள் பதினொருத்தர் அந்த வீட்டுக்கு வருகிறார்கள். தனுவச்சபுரத்தில் படிக்கிற பிள்ளைகளும் அதில் உண்டு. மஞ்சு முன்னால் நிற்க, கோவிலைச் சுற்றி நிரையாக நடக்கிறார்கள். யாரும் பேசுவதில்லை. இடது கால் கனமாக, வலது கால் லேசாக. பதினொருத்தரும் மஞ்சுவும் பன்னிரண்டு பேர். மணலில் விழுகிற தடம் பதின்மூன்று பேருக்கு இருக்கிறது. ஆறு மாதத்தில் பதினொருத்தர் முப்பதானார்கள். ஒரே சொல்லுக்கு முப்பது குதியங்காலும் ஒன்றாக விழும்போது கைலாசநாதனின் அடுக்களையில் பாத்திரங்கள் அதிர்கின்றன. எதற்காக இந்தப் பழக்கம் என்று கேட்க ஊரில் எந்த ஆணுக்கும் வாய் எழவில்லை.

ஒரே ஒரு விவரம் சொல்ல விட்டுப்போயிற்று. கைலாசநாதன் தன் அம்மைக்கு ஒற்றைப் பிள்ளை. அவருக்கு அக்காவோ தங்கையோ ஒருநாளும் இருந்ததில்லை. அதுவும் பொய்யில்லை, என் நாக்கு இன்னும் சுருங்கவில்லை.